வாய்மொழிக் குறையும் எழுத்து முறையீடும்

பெங்களூரில் பள்ளியைப் பற்றிப் பெற்றோருக்கு எழும் குறை, பெரும்பாலும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில்தான் முதலில் வெளிப்படுகிறது. அங்கே பத்துப் பேர் ஆமோதிப்பார்கள். பதில் சொல்லும் கடமை யாருக்கும் இருக்காது. அதே குறை, குழந்தையின் பெயர், வகுப்பு, நடந்த தேதி, நடந்தது என்ன, பள்ளி செய்ய வேண்டியது என்ன என்று ஒரு பக்கக் கடிதமாக வகுப்பாசிரியரிடமோ தலைமையாசிரியரிடமோ வந்தால் நிலைமை மாறிவிடும். இரண்டாம் பிரதியில் பள்ளி முத்திரையும் தேதியும் கையொப்பமும் இட்டுத் திருப்பித் தருவது அலுவலகத்துக்கு இரண்டு நிமிட வேலை. அதைத் தரத் தயங்கும் பள்ளிகளே பின்னால் வட்டாரக் கல்வி அதிகாரி முன் நிற்க நேர்கிறது.

அரசுப் பள்ளிகளில் பெற்றோருக்கு ஓர் அவை உண்டு. கர்நாடகம் 2001-லேயே பள்ளி வளர்ச்சி மற்றும் கண்காணிப்புக் குழுவை (எஸ்.டி.எம்.சி.) அமைத்தது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் பள்ளி நிர்வாகக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று விதித்தது. கழிப்பறை, மதிய உணவு, ஆசிரியர் வராமை போன்றவற்றைப் பேச வேண்டிய இடம் அதுவே. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளை அந்த விதி கட்டுப்படுத்தாது. நகரத்தின் பெரும் புகார்கள் எழுவதோ அங்கேதான்.

கட்டணம் அதற்கு நல்ல உதாரணம். கொரோனா காலத்தில், 2021 ஜனவரியில், கற்பிப்புக் கட்டணத்தில் 70 விழுக்காடு மட்டுமே வாங்க அரசு ஆணையிட்டது. செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அந்தச் சலுகையை 15 விழுக்காடாகச் சுருக்கியது. உதவி பெறாத பள்ளிகளின் கட்டணத்தை அரசு ஒழுங்குபடுத்த வழிசெய்த சட்டப்பிரிவுகளையும் அதே நீதிமன்றம் 2023 ஜனவரியில் செல்லாதென்றது. ஆகவே கட்டணக் குறைக்குப் பள்ளி நிர்வாகமே முதலில் தெளிவாகப் பதில் எழுதியாக வேண்டும்.

அடியும் மன உளைச்சலும் வேறு வகை. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு இரண்டையும் தடுக்கிறது. 32-ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்புக்கு எழுத்தில் வரும் புகார் 3 மாதத்துக்குள் முடிவாக வேண்டும். மேல்முறையீடு மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்குப் போகும்.

பாலியல் குற்றத்துக்கு மட்டும் இந்தப் படிகள் பொருந்தாது. 2014 ஜூலையில் பெங்களூர்ப் பள்ளி ஒன்றில் சிறுமிக்கு நேர்ந்த கொடுமைக்காகப் பெற்றோர் தெருவுக்கு வந்தது பலருக்கும் நினைவிருக்கும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, தகவல் தெரிந்ததும் காவல்துறைக்குச் சொல்வது கட்டாயம். பள்ளிக்குள் முதலில் விசாரித்துப் பார்ப்போம் என்ற தாமதத்துக்கு அதில் இடமில்லை. மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை.

இத்தனை வழிகள் இருந்தும் பல பெற்றோர் வாய் திறப்பதில்லை. புகார் செய்தால் பிள்ளையைக் குறிவைப்பார்கள், மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்துவிடுவார்கள் என்ற அச்சமே காரணம். தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக்கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு. சேர்க்கை நாளன்று கட்டண விவரத்தோடு இதையும் புகார் பெறுபவரின் பெயரையும் அச்சிட்டுக் கொடுக்கப் பள்ளிக்குப் பெரிய செலவாகாது.