எண்ணுக்கு ஏது விலை?

ரூபாய்த் தாளின் வரிசை எண்ணில் 786 என்னும் இலக்கங்கள் அமைந்துவிட்டால், அத்தாளைச் செலவழிக்காமல் பெட்டியில் பூட்டி வைக்கும் வழக்கம் நம் சமுதாயத்தில் நெடுநாளாக உண்டு. அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் அத்தாளுக்குப் பல்லாயிரம், பல இலட்சம் என விலை பேசும் விளம்பரங்கள் கைப்பேசி வழியே இல்லந்தோறும் நுழைந்துவிட்ட இந்நாளில், ஒரு தாளுக்கு மதிப்பை அளிப்பது எது என்பதை நாம் தெளிந்தாக வேண்டியிருக்கிறது.

வரிசை எண் தாளின் பெயர் போன்றது. அச்சகத்தின் கணக்குத் தவறாதிருக்கவும், கையூட்டு வாங்குவோரைப் பிடிக்க முனையும் காவலர் முன்கூட்டியே குறித்துவைக்கவும் அது உதவும். மதிப்பு அதிலிருந்து பிறப்பதன்று. 1934ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சட்டம், 26ஆம் பிரிவே தாளைச் செல்லுபடியாகும் பணமாக்குகிறது. மத்திய அரசு அதற்குப் பொறுப்பேற்கிறது. 2016 நவம்பர் 8ஆம் நாள் இரவு அதே பிரிவைக் கொண்டு 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதனவாக்கப்பட்டபோது, 786 பொறித்த தாளும் மற்றவற்றோடு சேர்ந்தே வீழ்ந்தது. கிழிந்த தாளைக் கொண்டு சென்றால் வங்கியார் எண்ணின் சிறப்பையா பார்க்கிறார்? பரப்பை அளக்கிறார். 50 ரூபாயும் அதற்கு மேற்பட்டதுமான தாளில் 80 விழுக்காட்டை விஞ்சிய ஒரே துண்டு இருந்தால் முழுத்தொகை; 40 முதல் 80 வரை எனில் பாதி.

அரிய பொருளுக்கு விலை உண்டே என்பர். உண்மைதான், அச்சுப்பிழைத் தாளுக்கு நாணயம் சேர்ப்போர் கூடுதல் தருவர். 786 அத்துணை அரிதா? ஆறு இலக்க வரிசையில் பத்து இலட்சம் எண்கள் அமையும். அவற்றுள் 786 எங்கேனும் தொடர்ந்து இடம்பெறுபவை 3,999. ஏறத்தாழ 250 தாளுக்கு ஒன்று. தொடர் எண் கொண்ட புதுத்தாள்கள் ஆயிரத்தை எடுத்தால், 786இல் முடியும் தாள் ஒன்று அதில் இருந்தே தீரும். வங்கிக் காசாளர் கையில் நாள்தோறும் எத்தனை புரளும்!

இவ்வளவு எளிய கணக்கு தெரியாமையே மோசடியாளரின் முதல். தாளை வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, முதலில் வரி என்றும் கமிஷன் என்றும் பணம் கேட்பர். ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் காட்டுவர். இவ்வாணிகத்தில் தனக்குத் தொடர்பில்லை, எவரிடமும் கட்டணம் கேட்பதில்லை, எவருக்கும் அதிகாரம் வழங்கவுமில்லை என்று 2021 ஆகஸ்டில் அவ்வங்கியே அறிவித்தது. இவ்வலையில் விழக்கூடியவர் செல்வர் அல்லர். மகளின் திருமணச் செலவுக்கு வழி தேடும் எளியோர்.

786 என்பது அப்ஜத் கணக்கில் ‘பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்’ என்பதன் எழுத்துகளுக்குரிய எண்களின் கூட்டுத்தொகை. 102, 66, 329, 289 எனக் கூட்டிப் பார்க்கலாம். திருவசனம் எழுதிய தாள் காலடியில் விழலாகாது என்னும் மரியாதையால் முன்னோர் கடிதத் தலைப்பிலும் திருமண அழைப்பிலும் அவ்வெண்ணை இட்டனர். ஸபா நாட்டு அரசிக்குச் சுலைமான் நபி (அலை) விடுத்த மடல், திருக்குர்ஆனின் நம்ல் அத்தியாயம் காட்டுவதுபோல், முழுச்சொல்லால் தொடங்குகிறதேயன்றி எண்ணால் அன்று எனச் சுட்டும் உலமாக்களும் உளர். அவ்விவாதம் ஒருபுறமிருக்க, இழிவு நேராதிருக்க வந்த எண் இன்று ஏலப்பொருளாயிற்றே!

இன்னொன்றும் உண்டு. 1986இல் அம்மானில் கூடிய அனைத்துலக இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி, பொன் வெள்ளிக்குரிய ரிபா, ஜகாத் விதிகள் காகிதப் பணத்துக்கும் பொருந்தும் எனத் தீர்மானித்தது. அவ்வாறாயின், புழக்கத்திலுள்ள பத்து ரூபாய்த் தாளை ஆயிரம் ரூபாய்க்குக் கொடுப்பது வணிகமா, ஒரே இனப் பணத்தை ஏற்றத்தாழ்வாக மாற்றிக்கொள்வதா? இரண்டாவதே என்பது என் கருத்து. உலமாப் பெருமக்கள் ஜும்ஆ மேடைகளில் இதற்கு விடை கூற முன்வர வேண்டும். அதற்கு முன்னரே நம் அரபுத்துறையும் பொருளியல் துறையும் இணைந்து ஒரு கருத்தரங்கில் இவ்வினாவை எடுத்து ஆராயலாம்.