வங்கப் பஞ்சமும் சித்திரக்காரரும்

பட்டினி கிடப்பவனுக்கு வேண்டியது படி அரிசியேயன்றிப் படமல்ல என்று சொல்வோர் எக்காலத்திலும் உண்டு. தேசத்துக்குப் பெருந்துன்பம் நேர்ந்த சமயத்தில் ஒருவன் தூலிகையை எடுத்து உட்கார்ந்தால், "இதுவா வேளை?" என்று கேட்பது உலக இயல்பு. கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் 1943-ஆம் வருஷத்து வங்காளப் பஞ்சத்தின் சரித்திரத்தை ஊன்றிப் படிப்பவர்களுக்கு இக்கேள்விக்கு வேறுவிதமான விடை கிடைக்கிறது. எண்பது வருஷங்களுக்கு மேல் கழிந்துவிட்டன. அன்று அதிகாரம் செலுத்தியவர்கள் போய்விட்டனர். அவர்கள் எழுதிய குறிப்புகளும் அறிக்கைகளும் ஆராய்ச்சிக்காரர்களின் சொத்தாகிவிட்டன. மாண்டவர்களின் முகத்தை இன்றும் நம் கண்முன் நிறுத்துபவை மட்டமான காகிதத்தின்மேல் கறுப்பு மையால் தீட்டப்பட்ட சில சித்திரங்களும், சில புகைப்படங்களுமே.

அந்தப் பஞ்சம் வானத்திலிருந்து இறங்கியதன்று. 1942 மார்ச்சு மாதத்தில் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. பர்மா அரிசி வருவது நின்றது. நமது சென்னை மாகாணமும் அந்த அரிசியை நம்பியிருந்ததையும், அவ்வருஷம் பர்மாவிலிருந்து காடும் மலையும் கடந்து கால்நடையாய்த் திரும்பியவர்களில் தமிழர் ஏராளமாக இருந்ததையும் நேயர்கள் அறிவார்கள். எதிரியின் கைக்குப் போய்விடக் கூடாது என்ற காரணத்தைச் சொல்லி, வங்காளத்தின் கரையோர ஜில்லாக்களில் படகுகளையும் மிஞ்சிய நெல்லையும் சர்க்கார் அகற்றினர். ஆறுகளே பாதைகளாக உள்ள நாட்டில் படகைப் பறிப்பது காலை வெட்டுவதற்குச் சமானம். மாகாணங்கள் தத்தம் எல்லைகளை அடைத்துக்கொண்டன. யுத்தச் செலவுக்காகப் பெருகிய நோட்டுகள் விலைவாசியை ஏற்றின. கல்கத்தாவில் 1942 டிசம்பரில் மணங்கு (வங்காளத்து மணங்கு சுமார் 37 கிலோ) 13, 14 ரூபாய் விற்ற அரிசி, 1943 மே மாதத்தில் 30 ரூபாயைத் தாண்டிற்று. ஆகஸ்டில் 37 ரூபாயை எட்டிற்று. கூலிக்காரனும் செம்படவனும் நெசவாளியும் என்ன செய்வார்கள்? இந்தப் பாவத்தில் நம்மவர்களான பதுக்கல் வியாபாரிகளுக்கும் பங்குண்டு. அதை மறைப்பது தேசபக்தியாகாது. 1945-இல் விசாரணைக் கமிஷன் ஒப்புக்கொண்ட மரணத் தொகை 15 லட்சம். பிற்கால ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டது 20 லட்சத்திலிருந்து 30 லட்சம் வரை.

மிட்னாப்பூர் ஜில்லாவின் கதை இன்னும் கொடிது. 1942 ஆகஸ்டு இயக்கம் அங்கே கொழுந்துவிட்டு எரிந்தது. செப்டம்பர் 29-ஆம் தேதி, எழுபது வயது கடந்த மாதங்கினி ஹஜ்ரா என்ற மூதாட்டி தம்லுக் நகரில் மூவர்ணக் கொடியைப் பிடித்தபடி போலீஸாரின் குண்டுக்கு இரையானார். பதினேழு நாட்களுக்குப் பின், அக்டோபர் 16-ஆம் தேதி, அதே பிரதேசத்தைப் பெரும் புயலும் கடற்பெருக்கும் அழித்தன. ராஜத்துரோகிகளின் ஊருக்கு நிவாரணம் எதற்கு என்ற மனோபாவத்துடன் அதிகாரிகள் நடந்துகொண்டார்கள். அதைக் கண்டிக்கும் முகமாக மந்திரிப் பதவியையே நவம்பரில் உதறினார் சியாம பிரசாத் முகர்ஜி. அங்கே தொடங்கிய பசிதான் மறு வருஷத்தில் மாகாணம் முழுவதும் படர்ந்தது.

பஞ்சம் என்று பிரகடனம் செய்தால் பஞ்சச் சட்டத்தின்படி சர்க்காருக்குக் கடமைகள் ஏற்படும். ஆகவே பிரகடனமே செய்யப்படவில்லை! சொல்லை மறுத்தால் பொருளும் மறைந்துவிடும் என்று நினைத்தார்கள் போலும். கிராமத்து ஜனங்கள் கல்கத்தாத் தெருக்களுக்கு வந்து, சோறு கேட்கவும் வாய் கூசி, சோற்றை வடித்த கஞ்சி கிடைக்குமா என்று வாசல் வாசலாகக் கதறிய காலத்தில் சர்க்கார் பாஷையில் அது "உணவு நிலைமை" என்றே வழங்கிற்று. 1943 ஆகஸ்டு 22-ஆம் தேதி, 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையின் ஆசிரியர் இயான் ஸ்டீபன்ஸ் என்ற ஆங்கிலேயர் தெருவில் கிடந்த பிணங்களின் புகைப்படங்களைத் துணிந்து பிரசுரித்தார். அந்நியராயினும் பத்திரிகைத் தொழிலின் தர்மத்தைக் காத்தவர் என்பதால், இப்பத்தியில் அவர் பெயரை மரியாதையுடன் குறிக்கிறோம். வார்த்தையால் சொல்லக் கூடாததைப் படத்தால் சொல்லலாம் என்பது அன்று தெளிவாயிற்று.

இவ்விடத்தில்தான் சித்திரக்காரர்கள் வருகிறார்கள். சிட்டகாங்கிலிருந்து வந்த சித்தப்பிரசாத் கலாசாலையில் பயின்றவரல்லர். தாமே வரையக் கற்றுக்கொண்டவர். 1943 நவம்பரில் மிட்னாப்பூர் கிராமங்களில் காகிதமும் மையும் தூக்கிக்கொண்டு நடந்தார். தாம் கண்டவர்களின் அருகில் உட்கார்ந்து அவர்கள் கதையைக் கேட்டு, உருவத்தை வரைந்து, பல சித்திரங்களில் அவர்களுடைய பெயரையும் ஊரையும்கூடக் குறித்தார். இதைச் சிறு விஷயமென்று நேயர்கள் கருதலாகாது. சர்க்கார் கணக்கில் இறந்தவன் ஓர் இலக்கம். அவ்விலக்கமும் பாதியாகக் குறைக்கப்பட்ட இலக்கம். சித்தப்பிரசாத்தின் காகிதத்தில் அவன் இன்ன ஊரில் இன்ன நிலம் வைத்திருந்து, அதை விற்றுத் தின்று, பிறகு பசியால் விழுந்த ஒரு மனிதன்.

அவர் கம்யூனிஸ்டுக் கட்சியைச் சேர்ந்தவர். அக்கட்சி 1942 இயக்கத்தை எதிர்த்து யுத்தத்துக்கு ஆதரவு கொடுத்ததை நாம் அங்கீகரிக்கவில்லை, இன்றும் அங்கீகரிப்பதற்கில்லை. ஆனால் பிணங்களுக்கு நடுவே நடந்தவனிடம் கட்சிச் சீட்டைக் கேட்பது அழகன்று. தம் சித்திரங்களையும் குறிப்புகளையும் சேர்த்து, 'பசித்த வங்காளம்' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரில் அவர் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதன் 5,000 பிரதிகளையும் சர்க்கார் பறிமுதல் செய்து கொளுத்தினர்.

நியாயஸ்தலங்களில் இருபது வருஷங்கள் பழகிய நமக்கு இச்செய்தி ஒன்றை உணர்த்துகிறது. வாய்மொழிச் சாட்சியைக் குறுக்கு விசாரணையால் மடக்கலாம். தஸ்தாவேஜைச் செல்லாதென்று தள்ளலாம். எலும்பு தெரியும் குழந்தையின் உருவத்தை எவ்வாறு மடக்குவது? வேறு வழி தோன்றாமல் தீயிட்டார்கள். சித்திரம் பொழுதுபோக்கு என்று அந்தச் சர்க்கார் நினைத்திருந்தால் தீக்குச்சியை வீணாக்கியிரார். எப்படியோ தப்பிய ஒரே பிரதியைச் சித்தப்பிரசாத்தின் குடும்பத்தார் பாங்கிப் பெட்டகத்தில் வைத்துக் காத்தார்கள். அதைக்கொண்டு 2011-இல் டில்லியிலுள்ள ஒரு சித்திரசாலை மறுபதிப்பு வெளியிட்டது. கலைஞர் 1978-லேயே காலமாகிவிட்டார்.

ஜைனுல் ஆபிதீன் கல்கத்தாச் சர்க்கார் சித்திரக் கலாசாலையில் உபாத்தியாயர்; அப்போது வயது முப்பதுகூட ஆகவில்லை. யுத்த காலத்தில் நல்ல காகிதமும் வர்ணமும் கிடைப்பதரிது. கரியிலிருந்து தாமே மை கூட்டி, மூட்டை கட்டும் மலிவான காகிதத்தில் தீட்டினார். தடித்த சில கோடுகள், வேறொன்றுமில்லை. குப்பைத்தொட்டி ஓரத்தில் மனிதனும் நாயும் காகமும் ஒரே எச்சிலுக்குப் போட்டியிடும் காட்சியில் அவர் கருணையைப் பூசி மெழுகவில்லை. பட்டு ஜரிகைச் சட்டத்துக்குள் அடங்குகிற ஓவியங்களல்ல இவை. பசித்த ஊரில் காகிதமும் பசித்தது போலத்தான் இருக்கிறது.

தேசம் பிரிந்தபின் டாக்கா சென்று 1948-இல் அங்கே கலாசாலை ஸ்தாபித்தார் ஆபிதீன். 1970 நவம்பரில் கிழக்கு வங்காளத்தைப் புயல் தாக்கி, குறைந்தது மூன்று லட்சம் பேர் மாண்டபோது, மறுபடியும் அதே கறுப்பு மையை எடுத்து, மன்புரா தீவின் அழிவைச் சுமார் 30 அடி நீளச் சுருளில் வரைந்தார். எல்லைக்கோடு துக்கத்தைப் பங்கு பிரிக்கவில்லை.

சித்திரம் துக்கத்தைக் காட்டிற்று. நாடகம் சோற்றுக்கும் வழி தேடிற்று. பிஜன் பட்டாச்சாரியாவின் 'நவான்னம்' 1944-இல் அரங்கேறியது. நவான்னமென்பது புத்தரிசி விழா. நமது பொங்கலை ஒத்தது. அறுவடையற்ற நாட்டைப் பற்றிய நாடகத்துக்கு அறுவடைத் திருநாளின் பெயரை வைத்ததிலேயே அதன் வேதனை அடங்கிவிட்டது. திரைச் சீலைக்குப் பதில் சாக்குத் துணி. வங்காளத்திலிருந்து புறப்பட்ட பாட்டுக் கோஷ்டிகள் மற்ற மாகாணங்களுக்குச் சென்று பாடியும் ஆடியும் நிவாரண நிதி திரட்டின. படி அரிசிக்குப் பதிலாகப் படம் எதற்கு என்றவர்களுக்கு, அரிசி வாங்கும் பணத்தையே கலை கொணர்ந்தது என்று மறுமொழி சொல்லலாம். ஆனால் கலையின் நியாயம் வசூலான தொகையில் மட்டும் இல்லையென்பது நமது துணிபு.

நிற்க. பசித்தவனைப் படமெடுத்தவரெல்லாரும் துக்கப்பட்டவர்களென்று எண்ணிவிடக் கூடாது. நமது நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தின்போது, சென்னை ராணுவத்து அதிகாரியான ஹூப்பர் என்ற வெள்ளைக்காரர் எலும்பும் தோலுமானவர்களை வரிசையாக உட்காரவைத்து, குடும்பங் குடும்பமாகப் புகைப்படம் பிடித்தார். சில வருஷங்களுக்குப் பின் மாந்தலேயில் பர்மியக் கைதிகளைச் சுட்டுக் கொல்லும் தருணத்தைப் படம்பிடிக்க முயன்று கண்டனத்துக்குள்ளானவரும் இவரே. அப்படங்களிலும் எலும்பு தெரிகிறது. சித்தப்பிரசாத்தின் சித்திரங்களிலும் எலும்பு தெரிகிறது. அங்கே உட்காரவைக்கப்பட்டவர்களுக்குப் பெயரில்லை, ஊரில்லை, பேச்சில்லை. கண்காட்சிக்கும் துக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். இன்றைக்கு விபத்து நடந்த இடத்தில் கைப்பேசியை நீட்டிக்கொண்டு ஓடுபவர்கள் தாம் எந்த வகுப்பைச் சேர்ந்தவர்கள் என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளலாம்.

அதே தாது வருஷத்தைச் சிவகங்கை வில்லியப்ப பிள்ளை பாடினார். 1899-இல் அச்சேறிய அவருடைய 'பஞ்சலட்சணத் திருமுக விலாசம்' ஒரு பரிகாச நூல். பஞ்சத்தைத் தீர்க்க இயலாத மதுரைச் சொக்கநாதர், பசித்த பக்தருக்காகச் சிவகங்கை ஜமீன்தாருக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதுவதாகக் கற்பனை. தெய்வத்தையே கேலி செய்யுமளவுக்கு நெஞ்சு எரிந்தவன் சிரித்த சிரிப்பு அது. அழுதுதான் துக்கங் காக்கவேண்டும் என்ற விதியில்லை. இவ்வளவு சமீப காலத்து நூலையும் நம் பள்ளிச் சிறுவர் பெயரளவில்கூட அறியாதிருப்பது குறித்து நாம் வெட்கப்படவேண்டும்.

கலை துக்கத்தை ஆற்றிவிடும் என்று இக்காலத்தில் பலர் எளிதாகச் சொல்கிறார்கள். சோமநாத ஹோரின் வாழ்க்கை அப்படிச் சொல்லவிடவில்லை. சிட்டகாங்கில் சித்தப்பிரசாத்தின் பக்கத்தில் நின்று பஞ்சத்தால் வாடியவர்களை வரையக் கற்ற இளைஞர் அவர். சுமார் முப்பது வருஷங்களுக்குப் பின், சாந்திநிகேதனத்தில், 'காயங்கள்' என்ற தொகுதியைச் செய்தார். அதில் மையே இல்லை. காகிதக் கூழை அச்சில் அழுத்தி எடுத்த வெள்ளைத் தாள். அதில் வெள்ளையாகவே கீறலும் குழியும். சற்று விலகி நின்று பார்த்தால் வெற்றுத் தாள்போல் தோன்றும், நெருங்கினால் வடு. பஞ்சத்தை ஒரு முறை வரைந்துவிட்டு மறந்திருக்க அவரால் முடியவில்லை. தாயும் சேயுமாக அவர் வார்த்த பெரிய வெண்கலச் சிலை ஒன்று 1977-இல் கலாபவனத்திலிருந்து திருடு போயிற்று; திரும்பக் கிடைக்கவில்லை. 2006-இல் அவர் மறையும்வரை காயம் என்ற ஒரே விஷயத்தையே வெவ்வேறு பொருளில் செய்துகொண்டிருந்தார். ஆறுதலைத் தேடியவர் இப்படிச் செய்யமாட்டார்.

இவ்வளவும் பழங்கதை, இப்பொழுது எதற்கு என்று கேட்கலாம். காரணம் உண்டு. இருபது, முப்பது லட்சம் பிரஜைகள் மாண்ட இந்நிகழ்ச்சிக்கென்று சுதந்திர பாரதத்தில் ஒரு தேசிய நினைவாலயம் இன்றளவும் இல்லை. யுத்தத்தில் மாண்ட சிப்பாய்களுக்கு ஸ்தம்பங்கள் உண்டு. அரிசி இல்லாமல் மாண்டவர்களுக்குக் கல் நடுவாரில்லை. அந்நிய சர்க்கார் கொளுத்தினார்கள்; நமது சர்க்கார்கள், எக்கட்சியாராயினும், கவனிக்காமல் விட்டார்கள். செத்தவர்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டிற்கும் எவ்வளவு தூரம்? சித்திரங்களோ டாக்காவிலும் டில்லியிலும் கல்கத்தாவிலும் தனவந்தர்களின் சேகரங்களிலுமாகச் சிதறிக் கிடக்கின்றன.

ஆடம்பரமான மண்டபம் ஒன்று கட்டி, மந்திரிகள் வந்து நாடாவை வெட்டிப் போகவேண்டுமென்று நாம் கோரவில்லை. அம்மாதிரி மண்டபங்கள் நினைவுக்கு வைத்த பூட்டாகவே பெரும்பாலும் முடிகின்றன. மிட்னாப்பூரில், புயல் அடித்த அந்தக் கரையிலேயே, அந்தச் சித்திரங்களின் நல்ல பிரதிகளைக் கட்டணமின்றிக் குடியானவனும் அவன் குழந்தைகளும் பார்க்கும்படி ஒரு கூடம் அமையட்டும். சித்தப்பிரசாத் குறித்துவைத்த பெயர்கள் அங்கே எழுதப்படட்டும். அந்த நூலைத் தேச பாஷைகள் அனைத்திலும் சர்க்கார் செலவில் அச்சிட்டு, ஜில்லா நூல்நிலையங்களுக்கு அனுப்பட்டும். 5,000 பிரதிகளை எரித்த கடனுக்கு அது ஈடாகும். அதற்கும் முன்னதாக, பஞ்சத்தைக் கண்ணால் கண்டவர்களின் வாய்மொழியைப் பதிவு செய்ய ஆட்களை அனுப்பவேண்டும். 1943-இல் பத்து வயதுச் சிறுவனாயிருந்து கஞ்சிக்கு வரிசையில் நின்றவருக்கு இப்பொழுது தொண்ணூறு கடந்துவிட்டது.