சப்பாணி கொட்ட ஓர் அரைமணி நேரம்

பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களையும் வரிசை பிறழாமல் எழுதினால் ஐந்து மதிப்பெண். மாணவர்களாக இருந்தபோது எழுதி வாங்கினோம்; இன்று ஆசிரியர்களாக இருந்து வழங்கிக்கொண்டிருக்கிறோம். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி. அதன்பின் ஆண்பாலுக்கு மூன்று, பெண்பாலுக்கு மூன்று. இத்தனை ஆண்டுகளில் ஒரு மாணவர்கூட எழுந்து, "ஐயா, செங்கீரைப் பருவத்தில் குழந்தை என்னதான் செய்யும், கொஞ்சம் காட்டுங்களேன்" என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் திகைத்துத்தான் போயிருப்போம். ஒரு முழங்காலை மடித்து, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றி, தலைநிமிர்ந்து ஆடுவது என்று உரைநூல் சொல்வதை ஒப்பித்திருப்போம். அந்த ஆட்டத்துக்கு ஒரு பாட்டு உண்டென்றும், அதைப் பாடுவதற்கு ஒரு வாய் வேண்டுமென்றும் நமக்குத் தோன்றியிராது.

தோன்ற வைத்தது வேறொரு காரியம். பாளையங்கோட்டையில் நாங்கள் வசிக்கும் பகுதியில் ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள வீடுகள் பல. அவ்வீடுகள் பலவற்றில் குழந்தைக்குச் சோறு ஊட்டும் வேலையைக் கைபேசி பார்த்துக்கொள்கிறது. பழி சொல்வதற்கில்லை, வேலைக்குச் செல்லும் தாய் காலை எட்டரை மணிக்குள் ஊட்டி முடித்தாக வேண்டும். ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு வயதுக்குமேல் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வழிகாட்டியது. வேண்டாம் என்பது எளிது. திரை இருந்த இடத்தில் எதை வைப்பது? அந்தக் கேள்வியோடுதான், வாரம் ஒருமுறை இந்தக் குழந்தைகளையும் பெற்றோரையும் ஒன்றுகூட்டிப் பாட வைக்கலாம் என்று மூன்று நண்பர்கள் முனைந்தோம்.

முதல் கூடுகை படுதோல்வி. அதை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது, ஏனெனில் திட்டமிட்டதே தோல்விக்குக் காரணம். கல்லூரிக்காரர்களுக்கு இரண்டு வடிவங்கள்தாம் தெரியும்: வகுப்பு, விழா. நாங்கள் இரண்டையும் கலந்து செய்தோம். ஞாயிறு மாலை ஆறு மணி. ஒலிபெருக்கி. இசை கற்ற ஒரு பாடகி. சுவரில் பாடல் வரிகள் ஒளிவீசின. வரவேற்புரைகூட இருந்தது, அதை ஆற்றியவர் யாரென்று வாசகர்கள் ஊகிக்கலாம். வரவேற்புரை முடிவதற்குள் ஐந்து குழந்தைகள் அழத் தொடங்கிவிட்டன. பாடகி நன்றாகவே பாடினார். பெற்றோர் கைகட்டிக் கேட்டார்கள், சிலர் கைபேசியில் பதிவு செய்தார்கள். வீட்டில் நடப்பதையே கொஞ்சம் பெரிதாக்கி ஊர்ப்பொதுவில் நடத்தியிருக்கிறோம் என்பது இரவு படுக்கும்போதுதான் உறைத்தது. அங்கே சிறிய திரை, இங்கே பெரிய திரை.

ஆகவே நம் கருத்தை இங்கேயே வைத்துவிடுகிறோம். இத்தகைய கூடுகை குழந்தைக்கு இசை கற்பிப்பதற்காக அன்று. பெற்றோரின் வாயைத் திறப்பதற்காக. குழந்தை அங்கே மாணவனுமல்லன், சபையுமல்லன். அவன் காரணம், அவ்வளவே. பாட வேண்டியவர் தாயும் தந்தையும் பாட்டியும். இதை ஒப்புக்கொண்டுவிட்டால் இடம், நேரம், பாட்டு, ஆள்தொகை எல்லாம் தாமே ஒழுங்குக்கு வந்துவிடுகின்றன.

ஒப்புக்கொள்ள வைப்பதுதான் கடினம். "எனக்குப் பாட வராது சார்." இதைச் சொல்லாத தாய் இல்லை. கோவிலிலும் பள்ளியிலும் போட்டி மேடையிலும் பாட்டு என்பது பிறர் செய்வது, தேர்ந்தவர் செய்வது, மதிப்பெண் பெறுவது என்று நாமே பழக்கியிருக்கிறோம். குழந்தைக்கு அந்த மதிப்பீடு கிடையாது. கனடாவின் சாண்ட்ரா டிரெஹப் போன்றோர் பல ஆண்டுகள் ஆய்ந்து சொல்வது இது: குழந்தையைப் பார்த்துப் பாடும்போது தாய் தன்னையறியாமல் குரலைச் சற்று உயர்த்துகிறாள், வேகத்தைக் குறைக்கிறாள், அப்படிப் பாடப்படும் பாட்டையே குழந்தை நாடுகிறது. அதே நாட்டின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2014இல் வெளியான மற்றொரு ஆய்வு இன்னும் சுவையானது. பதினான்கு மாதக் குழந்தைகளை ஒருவர் இடுப்பில் கட்டிக்கொண்டு இசைக்கேற்ப ஆட்டினார். எதிரே நின்ற பெண் சில குழந்தைகளோடு தாளம் ஒத்தும், சில குழந்தைகளோடு தாளம் பிசகியும் ஆடினார். பிறகு அப்பெண் தற்செயலாக நழுவவிட்டதுபோல் பொருள்களைக் கீழே போட்டபோது, ஒத்து ஆடப்பட்ட குழந்தைகளே அதிகமாக எடுத்துக் கொடுத்தன. சேர்ந்து அசைந்தவரைத் தன்னவர் என்று குழந்தை கொள்கிறது போலும். எந்த ஒலிப்பதிவும் குழந்தையோடு சேர்ந்து அசையாது.

தந்தையரின் மறுப்பு வேறு வகை. "இதெல்லாம் பொம்பளைங்க சமாசாரம்" என்று ஒருவர் கதவருகிலேயே நின்றார். அவரிடம் நாங்கள் இலக்கிய வரலாற்றை எடுத்தோம். கண்ணனைத் தொட்டிலிலிட்டுப் பாடிய பெரியாழ்வார் ஆண். முதல் முழுமையான பிள்ளைத்தமிழ் என்று கொள்ளப்படும் குலோத்துங்கசோழன் பிள்ளைத்தமிழைப் பாடிய ஒட்டக்கூத்தர் ஆண். மீனாட்சியைக் குழந்தையாக்கிய குமரகுருபரரோ துறவி. தாயின் இடத்தில் நின்று குழந்தையைக் கொஞ்சுவதை ஓர் இலக்கிய வகையாகவே ஆக்கிக்கொண்டவர்கள் நம் ஆண் புலவர்கள். மண்டியிட்டு உட்கார்ந்து கைகொட்டுவதால் யாருடைய மீசையும் உதிர்ந்துவிடவில்லை. அவர் உள்ளே வந்தார். அவருக்குத் தெரிந்தது ஒரு பழைய திரைப்படத் தாலாட்டு மட்டும், அதையே பாடினார். அவர் மகள் பாதியில் தூங்கிவிட்டாள்.

இந்த இடத்தில் நம்முடைய தூய்மைவாதமும் சற்று இறங்கி வந்தது. நாட்டார் பாடல்கள் மட்டுமே என்று தொடங்கியிருந்தோம். இசை ஆசிரியரான நண்பர் ஒருவரோ சரளி வரிசையிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றார்; ஒரு தாய் ஆங்கில ரைம்ஸ் உண்டா என்று கேட்டார். சரளி வரிசைக்கு அதன் காலம் உண்டு, ஆனால் அது கற்பவனுக்கு உரியது. ரைம்ஸ் எப்படியும் பள்ளியில் வந்து சேரும். பெற்றோரின் வாயில் ஏற்கெனவே இருக்கும் பாட்டுக்கே முதலிடம் என்பது எங்கள் விதியாயிற்று, அது திரைப்பாட்டாயினும் சரி, வீட்டில் தெலுங்கு பேசும் தாய் பாடிய தெலுங்குத் தாலாட்டாயினும் சரி.

பாட்டுகளை அடுக்கும்போதுதான் பழைய ஐந்து மதிப்பெண் வினா கைகொடுத்தது. பிள்ளைத்தமிழின் பருவவரிசை உண்மையில் குழந்தையின் உடல் வளரும் வரிசை. முதலில் ஆடுதல்: மடியில் வைத்துச் சாய்ந்தாடும் பாட்டு. பிறகு நாவசைத்தல்: தால் என்றால் நாக்கு, 'லா லா', 'ரா ரோ' என்று பொருளற்ற ஒலிகளால் நாவை அசைத்துப் பாடுவது. அடுத்துச் சப்பாணி, கைகொட்டல். முத்தத்துக்குப் பாட்டே வேண்டியதில்லை, ஆயினும் ஒரு சிறு இடைவெளி வேண்டும். அந்த ஒரு நிமிடம் பேச்சில்லாமல் விடுகிறோம். பின் வருகை: அறையின் மறுகோடியில் தந்தை நின்று பாடி அழைக்க, தாய் மடியிலிருந்து குழந்தை தத்தித் தத்திச் செல்வது. அப்புறம் அம்புலி. காலைப் பத்து மணிக்கு நிலவுக்கு எங்கே போவது? ஓர் எவர்சில்வர் தட்டை உயர்த்திப் பிடித்தோம். சாமம், பேதம், தானம், தண்டம் என்று நான்கு வழிகளாலும் நிலவை அழைப்பது புலவர் மரபு. எங்கள் தட்டுநிலவு சாமத்திலேயே இறங்கி வந்துவிடும், இரண்டு வயதுக்காரர்களிடம் தண்டம் வரை போவது ஆபத்து. கடைசியில் சிறுபறை. ஆண்பாற் பிள்ளைத்தமிழுக்கே உரியது என்று இலக்கணம் சொன்னாலும் எங்கள் கூடத்தில் அதிகம் கொட்டுவது பெண்குழந்தைகளே.

பறைக்கு மாற்றாகக் கிலுகிலுப்பை செய்யப் புறப்பட்டு ஒருமுறை மாட்டிக்கொண்டோம். சிறு பிளாஸ்டிக் புட்டிகளில் புளியங்கொட்டை நிரப்பினோம். ஒரு மூடி கழன்றது. பாய்முழுதும் கொட்டை, ஒவ்வொன்றும் ஒரு வாயை நோக்கிப் பயணப்பட்டது. தாய்மார்கள் பாட்டை விட்டுவிட்டு விரல்களால் வாய்களைத் துழாவிய அந்த இரண்டு நிமிடத்தை நினைத்தால் இன்றும் வியர்க்கிறது. இப்போது மரக்கரண்டியும் கவிழ்த்த பாத்திரமுந்தான். அவை போதும்.

மற்ற ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எட்டு குடும்பங்களுக்குமேல் வேண்டாம். மாலை கூடாது, காலை உணவுக்குப் பிறகு, பகல் தூக்கத்துக்கு முன். நாற்காலி வேண்டாம், பத்தமடைப் பாய் நான்கு போதும். அரைமணி நேரம், நன்றாகப் போய்க்கொண்டிருந்தாலும் அரைமணி நேரமே. ஆறு பாட்டு, வாரந்தோறும் அதே ஆறு. பெரியவர்களுக்குச் சலிப்புத் தட்டும் வாரத்தில்தான் குழந்தைகளுக்கு அது பிடிபடத் தொடங்குகிறது. ஒரு பையன் ஐந்து வாரமும் சுவரோரம் ஓடிக்கொண்டேயிருந்தான், ஒருமுறைகூடக் கைகொட்டவில்லை. ஆறாவது வாரம் அவன் தாய் சொன்னார், குளிக்கும்போது வாளித் தண்ணீரில் தட்டித் தட்டி வரிசைப்படி எல்லாப் பாட்டுக்கும் தாளம் போடுகிறானாம். குழந்தை எங்கே கேட்கும், எங்கே திருப்பித் தரும் என்பது நம் திட்டத்துக்குள் அடங்குவதில்லை.

தனியார் பள்ளி ஒன்று இதைக் கேள்விப்பட்டு, கட்டணம் வைத்து நடத்தலாம், ஆண்டுவிழாவில் மேடையேற்றலாம் என்று ஆள் அனுப்பியது. பெற்றோர் சிலருக்கும் ஆசைதான். மேடை வந்த மறுநாளே "எனக்குப் பாட வராது" திரும்பிவிடும் என்று சொல்லி மறுத்தோம். அங்கன்வாடிகளில் செய்யலாமே என்று கேட்பவர்களும் உண்டு. அது நல்ல கேள்வி. 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் முன்பருவக் கல்வியை மூன்று வயதுக்குமேல்தான் வைத்திருக்கிறது. அதற்குக் கீழுள்ள குழந்தையும் தாயும் எடை பார்க்கவும் சத்துமாவு வாங்கவுந்தான் வருகிறார்கள். அந்த வரிசையில் காத்திருக்கும் நேரத்துக்கு ஒரு பாயும் ஆறு பாட்டும் போதுமானவை. பட்ஜெட் தேவைப்படாத யோசனை என்பதாலேயே அதை யாரும் பொருட்படுத்தமாட்டார்களோ என்ற அச்சமும் இருக்கிறது.

இனி, எங்களுக்கு இன்னும் தீராத சிக்கல். தாலாட்டுகளில் எல்லாமே இனிப்பன்று. சாதிப்பெருமை உண்டு, ஆண்மகவு வேண்டிய ஏக்கம் உண்டு, மாமன் சீரின் பட்டியல் உண்டு. அந்தக் கண்ணிகளை விட்டுவிடுகிறோம். மரபைச் சிதைப்பதாக ஒரு சக ஆசிரியர் வருந்தினார். வாய்மொழிப் பாட்டு என்றைக்கும் பாடுகிறவள் விருப்பப்படி கூட்டியும் குறைத்தும் வந்ததுதான்; குழந்தையின் பெயரை மாற்றிப் போடும்போதே அது புதிய பாட்டு. சொல்லைப் பற்றி நமக்குக் கவலையில்லை. நா. வானமாமலையும் மற்றவர்களும் திரட்டிய தொகுப்புகளில் சொற்கள் பத்திரமாக இருக்கின்றன. மெட்டுதான் அச்சில் இல்லை.

எங்கள் கூடுகைக்கு ஓர் ஆச்சி வருகிறார், பேத்தியைத் தூக்கிக்கொண்டு. மூன்று வாரம் வாய் திறக்கவில்லை. "இதெல்லாம் பாட்டாய்யா, வயக்காட்டுல தூளியாட்டப் பாடுனது" என்று ஒதுங்கிக்கொண்டார். நான்காம் வாரம் பேத்தி அழுதபோது தன்னை மறந்து பாடிவிட்டார். அறை அடங்கிவிட்டது. பதிவு செய்து வைத்துக்கொள்ளலாமே என்று ஓர் இளம்தந்தை கைபேசியை எடுத்தார். எடுத்ததும் ஆச்சி நிறுத்திக்கொண்டார். ஆகவே மூன்று தாய்மார்கள் அவர் வீட்டுக்கே போய் உட்கார்ந்து கற்று வருகிறார்கள். சொற்கள் வந்துவிட்டன. இரண்டாம் கண்ணியின் முடிவில் அவர் குரலை இழுத்து ஒரு சுழி சுழிப்பார், அது இன்னும் ஒருவருக்கும் பிடிபடவில்லை. ஆச்சி மதுரையிலிருக்கும் மூத்த மகன் வீட்டோடு போய்விடுகிறாராம். இன்னும் இரண்டு சனிக்கிழமைகள் இருக்கின்றன.