சராசரிக்குள் வராத பிள்ளை

பரீட்சை முடிவு வெளியாகும் நாளில் பாக்கார் ஆராங்கிலும் சுங்கை பட்டாணியிலும் உள்ள இடைநிலைப் பள்ளிகளின் வாசலில் பெற்றோர் கூடி நிற்பதைக் காண்கிறோம். "இவ்வாண்டு நம் பள்ளி முன்னேறியிருக்கிறது" என்ற செய்தி வந்ததும் எல்லோர் முகமும் மலர்கிறது. மகிழ வேண்டியதுதான். ஆயினும், தொழிலாளத் தோழர்களே, அந்த மகிழ்ச்சிக்கு நடுவே ஒரு கேள்வியைக் கேட்க நாம் கடமைப்பட்டிருக்கிறோம். முன்னேறியவர்கள் யார்?

பள்ளியின் தரத்தைச் சராசரிப் புள்ளியால் அளக்கிறார்கள். எஸ்.பி.எம். தேர்வில் அந்தப் புள்ளி குறையக் குறையப் பள்ளி உயர்ந்தது என்பது கணக்கு. செக்ரோல் எழுதும் கிராணிக்கும், பால் நிறுக்கும் இடத்தில் வாளியோடு நிற்கும் வெட்டுக்காரருக்கும் இந்தக் கணக்கை எவரும் விளக்க வேண்டியதில்லை. நிறுவைக்கு வந்த பால்தான் ஏட்டில் ஏறும். வழியில் கவிழ்ந்த பால் ஏறாது. பரீட்சைச் சராசரியும் அப்படியே. தேர்வு எழுதிய பிள்ளைகளின் புள்ளி மட்டுமே அதில் சேரும். இரண்டாம் படிவத்திலேயே புத்தகப் பையைக் கழற்றி மாட்டிவிட்டுக் கூலிக்குப் போன பிள்ளை, அந்தச் சராசரியைக் கூட்டவும் மாட்டான், குறைக்கவும் மாட்டான். அவன் கணக்கிலேயே இல்லை.

இதை எழுதுகிற நானும் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்துப் புகுமுக வகுப்புக்குப் போனவன்தான். பக்கத்து நாற்காலியில் எங்கள் லயத்துப் பையன் ஒருவன் இருந்தான். தோட்டப் பள்ளியில் மனக்கணக்கில் அவனை வெல்ல ஆளில்லை. பட்டணத்துப் பள்ளியில் கேள்வி மலாயில் வந்தது. விடை அவனுக்குத் தெரியும், சொல்லும் வார்த்தை தெரியாது. முதலில் கை தூக்குவதை நிறுத்தினான். பிறகு பேசுவதை நிறுத்தினான். அப்புறம் வருவதையே நிறுத்தினான். அவன் ஏன் வரவில்லை என்று கேட்டு எவரும் லயத்துக்கு வரவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த வெட்கம் இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.

இந்த நிலை எப்படி வந்தது என்பதைச் சற்றே திரும்பிப் பார்ப்போம். மலாயாக் கூட்டு மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்றது. கெடா அந்தக் கூட்டில் சேராத மாநிலம். எனினும் இங்கும் தோட்டந்தோறும் பள்ளிகள் எழுந்தன. ஆறாம் வகுப்போடு நின்ற பள்ளிகள் அவை. 1956இல் வந்த ரசாக் அறிக்கைக்குப் பின் அவை தேசியக் கல்வி முறைக்குள் வந்தன. இடைநிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு ஒழிந்து, 1965 முதல் எல்லாப் பிள்ளைகளுக்கும் அதன் வாசல் திறந்தது. வாசல் திறந்தது உண்மை. ஆனால் தமிழ்ப்பள்ளியிலிருந்தும் சீனப்பள்ளியிலிருந்தும் வந்து, மலாயில் போதிய தேர்ச்சியில்லாத பிள்ளைகளுக்கு அந்த வாசலில் ஓராண்டுப் படியாகப் புகுமுக வகுப்பு வைக்கப்பட்டது.

அந்தப் படியைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. மொழி பழக ஓராண்டு தேவைப்படலாம். மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேறாமல் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது என்பதையும் நாம் அறிவோம். அந்த ஆண்டு ஏணியாகிறதா, பிள்ளையைச் சோர வைக்கும் காத்திருப்பாகிறதா என்பதே நம் கேள்வி. ஆறாம் ஆண்டின் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இலும், மூன்றாம் படிவத்தின் பி.டி.3 தேர்வு 2022இலும் நீக்கப்பட்டன. பரீட்சைப் பயம் குறைந்தது நன்று. ஆனால் பிள்ளை பின்தங்குவதை வீட்டுக்கு அறிவித்த இரண்டு மணியோசைகளும் அவற்றோடு அடங்கின. பள்ளி அனுப்பும் அறிக்கையைப் படித்துப் பார்க்க முடியாத தாய்க்கு இனி யார் சொல்வார்?

இது ஆசிரியர்மேல் வழக்கும் அன்று, பிற இனத்தார்மேல் மனக்குறையும் அன்று. ஒரே வகுப்பில் தேசியப் பள்ளி, சீனப்பள்ளி, தமிழ்ப்பள்ளி ஆகிய மூன்று வழிகளில் வந்த பிள்ளைகள் அமர்கிறார்கள். கம்பத்து ஏழை மலாய்ப் பிள்ளையும் இதே சராசரிக்குள் மறைந்து போகிறான். பிள்ளை எங்கிருந்து வந்தான், எவ்வளவு தூரம் பயணம் செய்தான், வீட்டில் படிக்க இடமிருக்கிறதா என்பதை அறியாமல் புள்ளியை மட்டும் பார்ப்பது, மரத்தைப் பார்க்காமல் மங்கை மட்டும் பார்ப்பதாகும்.

ஆரம்பக் கல்வி 2003 முதல் கட்டாயம். இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் திருத்தத்தை 2025இல் மக்களவை நிறைவேற்றியது. வரவேற்கிறோம். ஆனால் சட்டம் பஸ் கட்டணம் கொடுக்காது. விளக்கடியில் உட்கார்ந்து பாடமும் சொல்லித் தராது. அந்த வேலை நம்முடையது.

ஆகவே, கிளைத் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் நாம் சொல்வது இதுதான்.

முதலாவது, எண்ணுங்கள். ஒவ்வொரு தோட்டத்திலும் பதின்மூன்று முதல் பதினேழு வயதுவரை உள்ள பிள்ளைகள் எத்தனை பேர், பள்ளியில் இருப்பவர் எத்தனை பேர் என்று ஒரு ஏடு தயாராகட்டும். ஆள் கணக்கு எழுதும் கிராணிமாருக்கு இது ஒரு மாலை வேலை.

இரண்டாவது, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்குப் போங்கள். சராசரி என்ன என்று கேட்பதோடு நிற்காதீர்கள். "புகுமுக வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் ஐந்தாம் படிவத்தில் தேர்வு எழுதினார்கள்? நின்றவர்கள் எந்த ஆண்டில் நின்றார்கள்?" என்று பணிவாக, விடாமல் கேளுங்கள்.

மூன்றாவது, அறிக்கை நாளன்று கூலி வெட்டின்றி அரைநாள் விடுப்பும், மாலைப் படிப்புக்குத் தோட்ட மண்டபமும் நிர்வாகத்திடம் கேளுங்கள்.

நம்மை நாமும் கேட்டுக்கொள்வோம். பால் அதிகம் வரும் மாதத்தில் "இன்றைக்கு ஒருநாள் கூட வா" என்று மகனை மலைக்கு அழைத்துப் போனவர்கள் நம்மில் இல்லையா? அந்த ஒருநாள்தான் பலருக்குக் கடைசி நாளாகிவிட்டது.

2001இல் தோன்றிய எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் பீடோங்குக்கு அருகே செமிலிங்கில் நிற்கிறது. தோட்டத்திலிருந்து பார்த்தால் தூரம் அதிகமில்லை. ஆனால் நடுவில் இருப்பது ஓர் இடைநிலைப் பள்ளி. அதைக் கடக்காமல் யாரும் அங்கே போக முடியாது. கவிழ்ந்த வாளிகளை எண்ணத் தொடங்குவோம். எண்ணப்படாத பிள்ளையை எவரும் தேடப் போவதில்லை.