கிணற்றை அளந்து பாத்தி போடுங்கள்



புரட்டாசி பிறந்தால் தீவகத்தில் தோட்டம் செய்யும் வீடுகளில் ஒரே கேள்விதான்: "இந்த முறை மழை எப்போது?" ஊர்காவற்றுறையிலோ நெடுந்தீவிலோ நயினாதீவிலோ ஆறு கிடையாது. ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரைதான் கிடைக்கிறது. அதுவும் சில ஆண்டுகளில் பிந்துகிறது. சில ஆண்டுகளில் ஒரே கிழமையில் கொட்டித் தீர்க்கிறது. 2008 இல் நிஷா, 2020 இல் புரெவி, 2024 இல் ஃபெங்கால், 2025 இல் டித்வா எனப் புயல்கள் வந்த நாட்களைப் பாருங்கள். எல்லாமே நவம்பர் கடைசிக்கும் டிசம்பர் முதற் கிழமைக்கும் இடைப்பட்டவை.

வானம் நம் கையில் இல்லை. ஆனால் விதையும் கிணறும் நம் கையில் இருக்கின்றன.

விதையை மூன்று பங்காக்குங்கள்

எல்லா விதையையும் முதல் மழையிலேயே போட்டுவிடாதீர்கள். முதற் பங்காக வெண்டி, பயிற்றை, கீரை ஆகியவற்றை ஐப்பசியில், தண்ணீர் தேங்காத மேட்டுப் பாத்தியில் ஊன்றுங்கள். கீரை ஒரு மாதத்துக்குள் கறிக்கு வந்துவிடும். இரண்டாம் பங்கு கத்தரி, மிளகாய், தக்காளி. இவற்றைக் கார்த்திகையில் கூரையின் கீழ் நாற்றாக வளர்த்து, பெருமழை ஓய்ந்தபின் நடுங்கள். புயல் வந்தாலும் நாற்று பிழைக்கும். மூன்றாம் பங்கை நன்றாகக் காயவைத்து, சாம்பல் கலந்து போத்தலில் மூடி வையுங்கள். முன்னவை அழுகிப்போனால் தை மாதத்தில் கைகொடுப்பது அதுதான்.

இப்படித் திட்டமிடுவது தவக்குலுக்கு மாறானதல்ல. பஞ்சம் வருமுன்பே விளைச்சலைக் கதிரோடு சேமிக்கச் சொன்ன நபி யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாறு நமக்குத் தெரியாததா?

மழை நின்ற பிறகுதான் சோதனை

தீவுக் கிணற்றின் நன்னீர், சுண்ணாம்புக் கல்லுக்குள் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கும் மழைநீர்தான். கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் நிற்கலாம் என்பது நிலத்தடி நீர் அறிஞர்களின் கணக்கு. மேலே ஒரு அடியை இறைத்துத் தீர்த்தால், கீழிருந்து உவர் எவ்வளவு ஏறிவரும் என்று எண்ணிப் பாருங்கள்! அந்தக் கிணறு உங்களுக்கு மட்டுமல்ல, அயல்வீட்டுப் பிள்ளையின் குடிதண்ணீருக்கும் ஊற்றாக இருக்கலாம். கிணறு உவர்த்தால் குடத்தோடு பவுசருக்குக் காத்து நிற்பவர்களும் பெண்கள்தாமே?

ஆகவே, தை முதல் எத்தனை பாத்தி என்பதைக் காணியின் பரப்பு தீர்மானிக்கக் கூடாது. கிணறுதான் தீர்மானிக்க வேண்டும். மாலையில் இறைக்குமுன் நீர்மட்டத்தைக் கிணற்றுச் சுவரில் அடையாளமிடுங்கள். மறுநாள் சுப்ஹுக்குப் பின் பாருங்கள். மட்டம் பழைய இடத்துக்கு ஏறவில்லையென்றால் பாத்தியைக் குறையுங்கள். பயிற்றை இலையின் ஓரம் கருகினால் நீரைச் சுவைத்துப் பாருங்கள், உப்பு ஏறியிருக்கலாம். மோட்டார் போட்டு ஒரே மூச்சாக இறைப்பதைவிட, இடைவெளி விட்டுச் சிறிது சிறிதாக இறைப்பது நல்லது. வுளூச் செய்யும் தண்ணீரை வாய்க்கால் வெட்டிக் கீரைப் பாத்திக்குத் திருப்பிவிடுங்கள்.

மண்ணும் தண்ணீர் காக்கும்

நம் முன்னோர் பனையோலையை மண்ணில் தாழ்த்தினார்கள். கரையொதுங்கும் சாதாளையைப் பசளையாக்கினார்கள். சாதாளையை மழையில் நனையவிட்டு, உப்புக் கழுவுண்ட பின்பே இடவேண்டும். ஆட்டெருவும் குப்பையும் சேர்ந்த மண், பெருமழையில் இறுகாது. வெயிலில் ஈரத்தைச் சீக்கிரம் விடாது. இதை ஒரே நாளில் செய்துவிட முடியாது. 2021 மே மாதம் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்து, விவசாயிகள் தவித்து, நவம்பரில் அந்தத் தடையை விலக்கிக்கொண்டதை நாம் கண்டோம். சேதனப் பசளை குற்றவாளியல்ல, அவசரம்தான் குற்றவாளி. மண் பழக ஆண்டுகள் வேண்டும்.

ஆகவே, அடுத்த மழைக்கு முன்பே ஒரு மூலையில் குழி வெட்டிக் குப்பையைச் சேர்க்கத் தொடங்குங்கள். மூன்று போத்தல்களைக் கழுவிக் காயவையுங்கள். கிணற்றுச் சுவரில் ஒரு கோடு போடுங்கள். மழை பிந்தினாலும் முந்தினாலும் உங்கள் அடுப்பங்கரைக்கு ஒரு பிடி கீரை நிச்சயம் வந்து சேரும், இன்ஷா அல்லாஹ்.