மருந்து அறையும் உருப்படிக் கூலியும்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் பட்டாசு ஆலை ஒன்று வெடித்துச் சிதறும்போதெல்லாம், புகை அடங்குவதற்கு முன்பே, ‘தொழிலாளியின் அஜாக்கிரதையே காரணம்’ என்னும் அபிப்பிராயம் வெளிவந்து விடுகிறது. அதற்கு மறுமொழி கூற வேண்டியவரோ பெரும்பாலும் உயிருடன் இருப்பதில்லை.

பாதுகாப்பில் தொழிலாளிக்குக் கடமையே இல்லையென்று நாம் வாதிக்க வரவில்லை. அலுமினியப் பொடி சேர்ந்த கலவை ஈரம் பட்டுத் தேங்கினால் தானே சூடேறித் தீப்பற்றும் என்பதாலும், ஓர் உராய்வோ, உடம்பில் ஏறிய நிலைமின்சாரத்தின் சிறு பொறியோ போதும் என்பதாலுமே, கலந்த வெடிமருந்தை மறுநாளைக்கு மீத்து வைக்கலாகாது, ஓர் அறையில் 4 பேருக்கு மேல் அமரலாகாது, இரும்புக் கருவி கூடாது, செப்புத் தகட்டைத் தொட்டுவிட்டே உள்ளே நுழைய வேண்டும் என்ற நியமங்கள் ஏற்பட்டன. இவற்றை மீறுகிறவர் தம் பிராணனை மட்டும் பணயம் வைப்பதில்லை. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தில் மாண்ட 30-க்கும் மேற்பட்டோரில், வெடிச்சத்தம் கேட்டு வெளியிலிருந்து ஓடி வந்தவர்களும் இருந்தார்கள். ஆகவே, அடுத்த அறையில் இருப்பவருக்கு நாம் பட்டிருக்கும் கடன் என்றே இந்த ஜாக்கிரதையைக் கொள்ள வேண்டும். அதில் நமக்குச் சந்தேகமில்லை.

ஆனால் அபாயத்தை நன்கறிந்தவரே ஏன் விதியை மீறுகிறார்? மருந்து செலுத்துவது உள்ளிட்ட பல வேலைகளுக்கு இங்கே உருப்படிக் கணக்கில்தான் கூலி. தீபாவளி நெருங்க நெருங்க ஆர்டர்கள் குவிய, அனுமதித்த அளவுக்கு மேல் மருந்தை அறைக்குள் கொண்டுவந்து வைத்துக்கொள்கிறவர், எடுத்துவர நடக்கும் நேரத்தையும் கூலியாக்கப் பார்க்கிறார்; இடநெருக்கடி தீர அறையை விட்டு மரத்தடியில் அமர்ந்து வேலை செய்கிறவரும் அப்படியே. நிதானமாக வேலை செய்கிறவருக்குக் குறைந்த கூலியும் அவசரப்படுகிறவருக்கு அதிகக் கூலியும் கொடுத்துவிட்டு, அவசரப்பட்டது குற்றம் என்று பின்னர் தீர்ப்புச் சொல்வது எந்த நியாயத்தில் சேரும்?

1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், பாதுகாப்புச் சாதனங்களை வேண்டுமென்றே புறக்கணிக்கலாகாது என்று தொழிலாளியைக் கட்டுப்படுத்தியது. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1987-இல் செய்யப்பட்ட திருத்தம், உயிருக்கு உடனடி ஆபத்து நேருமென்று அஞ்சும் தொழிலாளி அதை நிர்வாகத்துக்கும் தொழிற்சாலை இன்ஸ்பெக்டருக்கும் தெரிவிக்கும் உரிமையையும் அளித்தது. 2020-ஆம் வருஷத்துத் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் கடமை, உரிமை இரண்டும் அடுத்தடுத்த பிரிவுகளில் நிற்கின்றன. ஆனால் நடைமுறையில் கடமை மட்டுமே நினைவூட்டப்படுகிறது. சட்டவிரோதமான உள்குத்தகையில் அறை அறையாகப் பிரித்து விடப்பட்ட ஆலையில், ‘இந்த மருந்து சூடாயிருக்கிறது, தொட மாட்டேன்’ என்று சொல்லும் பெண்மணி யாரிடம் போய்ச் சொல்வார்? 2021 பிப்ரவரியில் 20-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட அச்சங்குளம் ஆலையும் அவ்வாறு பலருக்குக் குத்தகையாக விடப்பட்டிருந்ததே.

ஆதலால் நாம் வற்புறுத்துவது இது: மருந்து கலக்கும் அறையிலும் செலுத்தும் அறையிலும் உருப்படிக் கூலி அடியோடு ஒழிய வேண்டும், அங்கு உழைப்போருக்கு நாட்கூலியே, அதுவும் அபாயத்துக்கு ஈடான படியுடன், கொடுக்கப்பட வேண்டும். பட்டாசின் விலை இதனால் சிறிது ஏறுமாயின் ஏறட்டும். வாங்குகிறவர்கள் அதைத் தாங்குவார்கள். ஆபத்தைக் கண்டு வேலையை நிறுத்தியவருக்கு அன்றைய கூலி குறையாமல் கிடைக்க வேண்டும். அவர் சொன்னதைப் போர்மேன் தமிழில் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். விபத்து நேர்ந்தால், விசாரணை அதிகாரி முதலில் கேட்டு வாங்க வேண்டியது அந்தப் பதிவேட்டையும் அந்த வாரத்துக் கூலிக் கணக்கையுமே.