அரிப்பை மறைக்க வேண்டாம். சர்க்கரையை அளந்து பாருங்கள்

எங்கள் புறநோயாளர் பிரிவில் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. இடுப்பு வலி என்றோ அசதி என்றோ சொல்லி வந்த பெண்மணி, மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்த பிறகு கதவருகே தயங்கி நிற்பார். "இன்னொன்றும் இருக்கிறது, டாக்டர்" என்பார். பல மாதங்களாகத் தம்மை வாட்டும் பிறப்புறுப்பு அரிப்பைப் பற்றி அப்போதுதான் வாய் திறப்பார். அதுவரை 'உடம்புச் சூடு' என்று எண்ணி இளநீரும் மோரும் அருந்தியிருப்பார். அல்லது மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்பைப் பூசியிருப்பார். எளிதில் தீரக்கூடிய இந்நோயை நீளச் செய்வது இந்தத் தயக்கமே என்பது எங்கள் கருத்து.

இத்தகைய அரிப்புக்குப் பரவலான காரணங்களுள் ஒன்று, கேண்டிடா என்னும் ஈஸ்ட் வகைப் பூஞ்சை. இது வெளியிலிருந்து வந்து தாக்கும் பகையன்று. நலமாக இருப்பவர்களின் வாயிலும் குடலிலும் பெண்களின் பிறப்புறுப்பிலும் இது இயல்பாகவே வாழ்கிறது. உடலில் உள்ள நன்மை தரும் பாக்டீரியாக்கள் அதனை அடக்கி வைக்கின்றன. ஆன்டிபயாடிக் மருந்துகளால் அவை அழியும்போதும், கர்ப்ப காலத்திலும், இரத்தத்தில் சர்க்கரை கூடும்போதும், நோய் எதிர்ப்பாற்றல் குறையும்போதும் பூஞ்சை பெருகுகிறது. பெண்களில் நான்கில் மூவருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் இத்தொற்று ஏற்படுகிறது. ஆகவே இது தூய்மைக் குறைவுக்கோ ஒழுக்கக் குறைவுக்கோ அடையாளம் ஆகாது. வெட்கப்பட இதில் ஏதுமில்லை.

கடுமையான அரிப்பு, எரிச்சல், சிவத்தல், சிறுநீர் கழிக்கையில் வலி, தயிர்த் திரள் போன்ற வெள்ளைப்படுதல் ஆகியவை முக்கிய அறிகுறிகள். இதில் பெரும்பாலும் துர்நாற்றம் இராது. மீன் வாடை அடித்தாலோ, மஞ்சள் அல்லது பச்சை நிறமாக இருந்தாலோ காரணம் வேறாக இருக்கலாம், மருந்தும் வேறு. ஆண்களுக்கு ஆணுறுப்பின் முனையில் சிவப்பும் அரிப்பும் தோன்றும். படுக்கையில் இருக்கும் முதியவர்களுக்கு மார்பின் கீழும் தொடை இடுக்கிலும் ஈரச் சிவப்புத் திட்டுகளும், அவற்றைச் சுற்றிச் சிறு கொப்புளங்களும் காணப்படும். நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் வெண்படலம் படிவதும் இதே பூஞ்சையால்தான்.

நாங்கள் வலியுறுத்த விரும்புவது இதுதான்: ஓராண்டில் 3 முறையோ அதற்கு மேலோ இத்தொற்று வந்தால், களிம்பை மாற்றுவதற்கு முன் இரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். தமக்கு நீரிழிவு இருப்பதை இந்த அரிப்பின் வழியாகவே முதன்முதலில் அறிந்தவர்கள் பலர். சர்க்கரை கட்டுப்படாதவரை மருந்து தற்காலிகத் தீர்வாகவே இருக்கும். டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் போன்ற நீரிழிவு மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதால், அவற்றை உட்கொள்பவர்களுக்கும் இத்தொற்று வரலாம். அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்த வேண்டாம், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அடுத்தது, கடையில் கேட்டு வாங்கும் களிம்பு. மருத்துவமனைக்கு வர ஒருநாள் கூலியை இழக்க வேண்டியவர்கள் கடையை நாடுவது எங்களுக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அவற்றுள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. அது அரிப்பையும் சிவப்பையும் இரண்டு நாளில் தணிக்கும். பூஞ்சையோ உள்ளே வளரும். நாளடைவில் தோலும் மெலியும். ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை 2018ஆம் ஆண்டில் மத்திய அரசு, மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. கர்ப்பிணிகள் பூஞ்சைக்கான மாத்திரைகளைத் தாமாக உட்கொள்ளவே கூடாது. அவர்களுக்கு ஏற்ற வெளிப்பூச்சு மருந்துகள் உண்டு.

தடுக்கும் வழிகள் எளியவை. பருத்தி உள்ளாடை அணிந்து, வியர்வையில் நனைந்தவுடன் மாற்றுங்கள். பிறப்புறுப்பின் உட்புறத்தைச் சோப்பாலோ கிருமிநாசினியாலோ கழுவாதீர்கள். வெளிப்புறத்தைத் தண்ணீரால் கழுவி உலர்த்தினால் போதும். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் பயன்படுத்துவோர் ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். பல்செட்டை இரவில் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். முதியவர்களைப் பராமரிப்போர், குளிப்பாட்டிய பின் தோல் மடிப்புகளை மெல்ல ஒற்றி உலர்த்துங்கள். நனைந்த டயப்பரை உடனே மாற்றுங்கள்.

பொறுப்பு நோயாளிகளுக்கு மட்டும் உரியதன்று. கதவருகே அவர்கள் தயங்கி நிற்பது, உள்ளே நாங்கள் கேட்கத் தவறியதாலும்தான். நீரிழிவு உள்ளவரிடம் பாதத்தைப் பற்றிக் கேட்பதுபோல, இதையும் தனிமையில், இயல்பாகக் கேட்பது எங்கள் கடமை. நாங்கள் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்லுங்கள். பெண் மருத்துவரிடமோ செவிலியரிடமோ பேசுவதுதான் எளிதென்றால், அவ்வாறே கேளுங்கள். எழுந்து போகும்போது சொல்லலாம் என்றிராமல், அமர்ந்தவுடனேயே சொல்லுங்கள்.